ஹைட்ரஜனில் வென்று ஹீலியத்தில் தோற்ற அணு

1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் இந்தியாவுக்கு வந்திருந்தபோது சென்னை மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அங்கே இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் என்ற மாணவருக்கு அது சாதாரணச் செய்தியில்லை. சோமர்ஃபெல்ட் எழுதிய 'அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும்' நூலை அவர் தானாகவே உட்கார்ந்து படித்து முடித்திருந்தார். அந்தக் காலத்தில் அணுவைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தவர்களுக்கு அதுதான் வேதம். படித்த தைரியத்தில் அந்தப் பெரியவரை அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்ட் அவரை உட்காரவைத்துச் சொன்ன சேதி இதுதான்: நீ படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது. ஹைசன்பெர்க், ஷ்ரோடிங்கர், டிராக் என்று புது ஆட்கள் வந்து அடிப்படையையே மாற்றிவிட்டார்கள். கூடவே, உலோகங்களில் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தான் எழுதியிருந்த புதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார்.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கையில் அது ஒரு திருப்பம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். என் அக்கறை வேறு இடத்தில். ஒரு நூலை எழுதியவரே 'இது முடிந்துபோன கதை' என்று சொல்லும்படி, அந்த நூலில் இருந்த அணுவுக்கு என்ன ஆனது? அது நீல்ஸ் போர் 1913-ல் கட்டி, சோமர்ஃபெல்ட் மாடி எடுத்த அணு. பதினைந்து ஆண்டுகூட நிற்கவில்லை.

நம் மேல்நிலை வகுப்புப் பாடங்களில் இதற்கு விடை இருக்கிறது. 'போர் அணு மாதிரியின் குறைபாடுகள்' என்று நாலைந்து வரி வரும். ஒற்றை எலக்ட்ரான் உள்ள அணுவுக்கு மட்டுமே பொருந்தும். நிறமாலைக் கோடுகளின் நுண்ணமைப்பை விளக்காது. காந்தப்புலத்திலும் மின்புலத்திலும் கோடுகள் பிளவுபடுவதை விளக்காது. கோடுகளின் செறிவைச் சொல்லாது. மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் உண்டு. நானும் அப்படி எழுதித்தான் தேறினேன். வரலாற்றைப் படிக்கும்போதுதான் தெரிகிறது: இந்தப் பட்டியலில் பாதிக்கு அந்த மாதிரியின் ஆதரவாளர்கள் மூன்றே ஆண்டில் பதில் வைத்திருந்தார்கள். அந்தப் பதில்கள் அளவீட்டோடு அச்சுப் பிசகாமல் பொருந்தின. மாதிரியைக் கொன்றது இவற்றில் முதல் வரி மட்டும்தான். அந்த வரியைத்தான் பாடப்புத்தகம் ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடுகிறது.

விளக்கமா, சட்டமா

1911-ல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே கனமான கரு இருப்பதைக் காட்டினார். எலக்ட்ரான்கள் அதைச் சுற்றுகின்றன என்று வைத்துக்கொண்டால் உடனே ஒரு சிக்கல். திசை மாறிக்கொண்டே ஓடும் மின்னூட்டம் ஒளியை உமிழும்; உமிழ உமிழ ஆற்றல் இழக்கும்; ஆற்றல் இழந்தால் கருவை நோக்கிச் சரியும். ஹைட்ரஜன் அணு இப்படிச் சரிந்து முடிய எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடலாம். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி நூறாக நறுக்கினால் வருமே, அதில் ஒன்றிரண்டு துண்டுதான். இந்தக் கணக்குப்படி உலகத்தில் எந்த அணுவும் மிஞ்சியிருக்கக் கூடாது.

போருக்கு அப்போது வயது 27. (பெயரைத் தமிழில் எழுதினாலே சண்டைக்கு வந்தவர்போல் தெரியும்; மனிதர் மிகவும் மெதுவாகப் பேசுபவர்.) அவர் இந்தச் சரிவை விளக்கவில்லை, தடை செய்தார். சில குறிப்பிட்ட வட்டங்களில் மட்டுமே எலக்ட்ரான் ஓடலாம். அங்கே ஓடும்வரை ஒளி உமிழாது. ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மட்டும் ஆற்றல் வித்தியாசம் ஒளியாக வெளிவரும். எந்த வட்டங்கள் என்பதற்கும் ஒரு விதி: கோண உந்தம் (நிறை, வேகம், வட்டத்தின் ஆரம் மூன்றின் பெருக்கம்), குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்த அளவின் முழு எண் மடங்காக இருக்கவேண்டும். கூரை ஏன் விழவில்லை என்று கேட்டவருக்கு, விழக்கூடாதென்று சட்டம் போட்டிருக்கிறோம் என்று பதில் சொன்ன மாதிரி.

ஆனால் அந்தச் சட்டம் எண்களைக் கொடுத்தது. ஹைட்ரஜனின் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 656, 486, 434, 410 நானோமீட்டரில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்துப் பள்ளி ஆசிரியர் பால்மர் 1885-லேயே இவற்றுக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்துவிட்டார். ஏன் அந்தச் சூத்திரம் என்பதுதான் 28 ஆண்டாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், பிளாங்க் மாறிலி ஆகிய மூன்றையும் வைத்துப் போர் அந்தச் சூத்திரத்தை அதன் மாறிலியோடு சேர்த்துத் தருவித்துக் காட்டினார். அணுவின் ஆரம் 0.053 நானோமீட்டர், அதைப் பிய்க்கத் தேவையான ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). இரண்டும் சரியாக விழுந்தன.

இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். சில விண்மீன்களில் தெரிந்த ஒரு கோட்டு வரிசையை எல்லாரும் ஹைட்ரஜனுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். போர், இல்லை, அது ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம் என்றார். அவர் கணக்குப்படி ஹீலியத்தின் மாறிலி ஹைட்ரஜனுடையதைப்போல் 4 மடங்கு இருக்கவேண்டும். நிறமாலை அளப்பதில் கைதேர்ந்த ஆல்ஃபிரட் ஃபவுலர், 4 இல்லை, 4.0016 வருகிறதே என்று மடக்கினார். போர் அசரவில்லை. கருவும் துளி அசைகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மறுகணக்குப் போட்டார். வந்தது 4.00163. இப்படி ஒரு பதில் வந்தபின் எதிராளி என்ன பேசமுடியும்?

கையெழுத்துப்படியைப் படித்த ரூதர்ஃபோர்டு மட்டும் 1913 மார்ச்சில் எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டார். எலக்ட்ரான் தாவும்போதே ஒளியின் அதிர்வெண் முடிவாகிவிடுகிறது. அந்த அதிர்வெண்ணோ அது போய்ச்சேரும் வட்டத்தைப் பொறுத்தது. அப்படியானால் எங்கே போய் நிற்கப்போகிறோம் என்பது எலக்ட்ரானுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே? பாடப்புத்தகப் பட்டியலில் இந்தக் கேள்வி கிடையாது. ஒரு கோடு பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் இருப்பது ஏன் என்ற செறிவுச் சிக்கலும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். எந்தத் தாவல் எத்தனை முறை நடக்கும் என்று சொல்ல அந்த மாதிரியில் வழியே இல்லை. போர் 1918 வாக்கில் பழைய இயற்பியலோடு ஒப்பிட்டுத் தோராயமாக ஊகிக்க ஒரு நெறி வகுத்தார். உதவியது, ஆனாலும் அது ஒட்டுப்போட்ட வேலைதான்.

சரியான விடை, தவறான வழி

இனி அந்தப் பட்டியலில் நடுவில் வரும் குற்றச்சாட்டுகள். ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டை உற்றுப் பார்த்தால் அது ஒரு கோடு இல்லை, நெருங்கிய இரட்டை. மைக்கெல்சனும் மோர்லியும் 1887-லேயே இதைக் கண்டிருந்தார்கள். போரின் 1913 மாதிரியில் இதற்கு இடமில்லை என்பது உண்மை. ஆனால் 1915-16-ல் சோமர்ஃபெல்ட் வட்டங்களோடு நீள்வட்டங்களையும் அனுமதித்து, கருவருகே வேகமெடுக்கும் எலக்ட்ரானுக்கு ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்த்தார். கோடு தானாகப் பிரிந்தது. பிளவின் அளவை 137-ல் ஒரு பங்கு என்ற, இன்றும் இயற்பியலாளர்களைத் தூங்கவிடாத அந்த எண் தீர்மானித்தது. ஃபிரெடரிக் பாஷன் அயனியான ஹீலியத்தின் கோடுகளை அளந்து, பொருந்துகிறது என்றார்.

மின்புலத்தில் கோடுகள் பிளவது ஸ்டார்க் விளைவு. 1916-ல் பால் எப்ஸ்டைனும் கார்ல் ஷ்வார்ஷில்டும் தனித்தனியே இந்த மாதிரியை வைத்தே அதை விளக்கிவிட்டார்கள். ஷ்வார்ஷில்ட் போர்முனையில் நோய்வாய்ப்பட்டுத் திரும்பியவர்; அந்த ஆண்டு மே மாதமே இறந்துபோனார். போரும் சோமர்ஃபெல்டும் கட்டிய இந்தப் பழைய குவாண்டம் கொள்கையின் ஆகப்பெரிய வெற்றிகளில் ஒன்று ஸ்டார்க் விளைவு. நம் பிள்ளைகள் அதையே அதன் தோல்வி என்று பரீட்சையில் எழுதுகிறார்கள். 1913-ன் வட்டப்பாதை மாதிரிக்கு மட்டும் என்று வரம்பு கட்டினால் எழுதுவது தவறில்லை. ஆனால் அந்த வரம்பை யாரும் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், சோமர்ஃபெல்டின் நுண்ணமைப்பு விளக்கம் தவறு. சூத்திரம் சரி, காரணம் தவறு. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்ற குணம் உண்டு என்பது 1925-ல்தான் உலன்பெக், ஹௌட்ஸ்மித் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் சொல்லித் தெரியவந்தது. நுண்ணமைப்பில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சோமர்ஃபெல்ட் கணக்கில் அந்தச் சொல்லே இல்லை. 1928-ல் டிராக்கின் சமன்பாடு தற்சுழற்சி, அலை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைத் தந்தபோது, கிடைத்தது சோமர்ஃபெல்டின் அதே சூத்திரம்! தற்சுழற்சியை விட்ட பிழையும், எலக்ட்ரானை அலையாகப் பார்க்காத பிழையும் ஒன்றையொன்று அடித்துப்போட்டிருந்தன. ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை நிலைகள், எதிலிருந்து எதற்குத் தாவலாம் என்பவை மட்டும் வேறாக இருந்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கு அறிவியலில் இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பனம்பழம் இரண்டாவது முறையும் விழுந்தது. 1922 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையை ஒரு சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே அனுப்பினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. சுற்றுப்பாதைகள் வெளியில் சில திசைகளில் மட்டுமே சாய முடியும் என்ற போர்-சோமர்ஃபெல்ட் கணிப்பு உறுதியானதாக எடுத்துக்கொண்டு, கெர்லாக் போருக்கு வாழ்த்து அட்டையே அனுப்பினார். உண்மையில் வெள்ளி அணுவின் கடைசி எலக்ட்ரானுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தமே கிடையாது. அவர்கள் பார்த்தது தற்சுழற்சியை. பெயர் வைக்க இன்னும் மூன்றாண்டு இருந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, பழைய மாதிரிக்கு மாலை போட்டார்கள்.

ஆகவே ஒரு மாதிரி தவறு என்று கண்டுபிடிக்க, அது தோற்கும் இடம் வேண்டும். வென்றுகொண்டே இருந்தால் சந்தேகம் வராது. ஹைட்ரஜன் விஷயத்தில் அது வென்றுகொண்டேதான் இருந்தது.

இரண்டாவது எலக்ட்ரான்

ஹீலியம் நம் பக்கத்துக்குக் கொஞ்சம் உறவுக்காரத் தனிமம். 1868 ஆகஸ்ட் 18-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகப் போன முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சூரிய விளிம்பின் தீச்சுடர்களில் இருந்த, எந்தத் தனிமத்துக்கும் சேராத ஒரு மஞ்சள் கோடு அந்த ஆண்டில்தான் பேச்சுக்கு வந்தது. பூமியில் அது கையில் சிக்கியது 1895-ல். கருவில் இரண்டு மின்னூட்டம், வெளியே இரண்டு எலக்ட்ரான். ஹைட்ரஜனுக்கு அடுத்த வீடு.

போர் தன் 1913 கட்டுரைகளிலேயே இதற்கும் கணக்குப் போட்டார். பேனா இருந்தால் நீங்களும் போடலாம். இரண்டு எலக்ட்ரானும் ஒரே வட்டத்தில் நேரெதிரே நின்று சுற்றுகின்றன என்று வைப்போம். கரு ஒவ்வொன்றையும் 2 அலகு பலத்தோடு இழுக்கிறது. எதிரே உள்ள எலக்ட்ரான் இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதால் அதன் தள்ளல் நாலில் ஒரு பங்கு. மிச்சம் 1.75. இதன் வர்க்கம் 3.0625, அதை 13.6-ஆல் பெருக்கி, இரண்டு எலக்ட்ரானுக்கும் சேர்த்தால் 83.3 எலக்ட்ரான் வோல்ட். ஒன்றைப் பிடுங்கியபின் மீதி இருப்பது ஒற்றை எலக்ட்ரான் ஹீலியம். அதன் ஆற்றல் 54.4. வித்தியாசம் 28.9. ஒரு ஹீலியம் அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க இவ்வளவு தேவை என்கிறது மாதிரி.

உண்மை 24.6. ஆறில் ஒரு பங்கு பிழை. கோடுகளின் இடத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கிய கொள்கைக்கு இது மானக்கேடு. ஆனால் 1913-ல் ஹீலியத்தின் சரியான எண் யாரிடமும் இல்லை. ஃபிராங்கும் ஹெர்ட்ஸும் அளந்த 20.5 என்ற மதிப்பு, எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. 1920-களின் தொடக்கத்தில், குறிப்பாக அமெரிக்காவில் தியடோர் லைமன் ஹீலியத்தின் தொலைப் புறஊதாக் கோடுகளை அளந்த பிறகுதான், எண் 24.5-க்குப் பக்கத்தில் என்று நிலைத்தது. பத்தாண்டு காலம் குற்றவாளி கூண்டிலேயே ஏற்றப்படவில்லை.

எண் மட்டும் சிக்கலில்லை. ஒரே திசையில் ஓடும் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரு குட்டிக் காந்தம். அப்படியானால் ஹீலியம் காந்தத்தால் ஈர்க்கப்பட வேண்டும். உண்மையில் அது லேசாக விலக்கப்படுகிறது.

அதனால் வட்டத்தைக் கைவிட்டு வேறு அமைப்புகளைத் தேடினார்கள். இரண்டு எலக்ட்ரான்களும் 120 பாகை சாய்ந்த தனித்தனிப் பாதைகளில், ஒன்றின் பாதை மற்றதைக் குறுக்கிட ஓடும் அமைப்பை அமெரிக்காவில் எட்வின் கெம்பிளும் கோபன்ஹேகனில் போரும் முன்வைத்தார்கள். பார்க்க அழகான படம். போரின் உதவியாளர் கிரேமர்ஸ் 1923-ல் அதை முழுமூச்சாகக் கணக்கிட்டு முடித்தார். அமெரிக்காவில் வான் வ்லெக் அதே வேலையைத் தனியாகச் செய்தார். விடை 20.7. வட்டம் 4 கூடுதலாகக் கொடுத்தது. சிலுவை 4 குறைவாகக் கொடுத்தது. போதாக்குறைக்கு அந்த அமைப்பு நிலையானதும் இல்லை. சற்றுத் தட்டினால் கலைந்துவிடும் என்று கிரேமர்ஸ் கண்டார்.

அதே ஆண்டு கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னும் இளம் ஹைசன்பெர்க்கும் வேறு வழியில் வந்தார்கள். ஓர் எலக்ட்ரானை வெகுதூரம் தள்ளிவைத்தால் ஹீலியம் ஏறக்குறைய ஹைட்ரஜன் மாதிரி ஆகிவிடும். அங்கேயாவது மாதிரி ஒத்துவரும் என்று நம்பி, கோள்களின் இயக்கத்துக்கு வானியலாளர்கள் பயன்படுத்தும் கணக்கு முறைகளை முழுசாக இறக்கினார்கள். சாத்தியமான பாதைகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்த்தார்கள். எதுவும் அளந்த நிறமாலையோடு சேரவில்லை. போர்ன் அதற்குப் பிறகு எழுதியதன் சாரம், சில்லறைத் திருத்தங்கள் போதாது, கருத்துகளின் முழு அமைப்பையுமே அடியிலிருந்து திரும்பக் கட்டவேண்டும் என்பது. போரின் மாதிரி செத்த நாள் எது என்று கேட்டால், புதிய குவாண்டம் இயக்கவியல் பிறந்த 1925-ஐ நான் சொல்லமாட்டேன். 1923-ஐத்தான் சொல்வேன். பிணத்தை எடுக்கத்தான் இரண்டாண்டு ஆனது.

தட்டை அணு

வேதியியலாளர்கள் தொடக்கத்திலிருந்தே இந்த மாதிரியை நம்பியதில்லை. அவர்கள் கேள்வி எளியது. கரிமத்தின் நாலு பிணைப்புகளும் நான்முகியின் முனைகளைப்போல் நாலு திசையில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓயாமல் சுற்றும் எலக்ட்ரான் எப்படி ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? கில்பர்ட் லூயிஸ் 1916-ல் எலக்ட்ரான்களைக் கனசதுரத்தின் மூலைகளில் அசையாமல் உட்காரவைத்தார். இயற்பியலாளர்கள் சிரித்தார்கள். ஆனால் இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற அவர் கருத்துதான் இன்றைக்கும் பள்ளியில் புள்ளி வைத்து வரையப்படுகிறது.

போரின் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு கருக்களுக்கு நடுவே ஒரு வளையம்; அதில் இரண்டு எலக்ட்ரான் சுற்றும். பிணைப்பைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் அதில் 2.7 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. உண்மை 4.5. இதுவும் ஹீலிய வட்டத்தைப்போலவே காந்தமாக இருக்கவேண்டிய மூலக்கூறு. ஹைட்ரஜன் வாயு அப்படியில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு சான்று உப்பிலிருந்து வந்தது. சாதாரண உப்பு போன்ற படிகங்களை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சுருங்கும் என்று 1918-ல் போர்னும் ஆல்ஃபிரட் லாண்டேயும் கணக்கிட்டார்கள். எலக்ட்ரான் வளையங்கள் எல்லாம் ஒரே தளத்தில் கிடக்கின்றன, அணு ஒரு தட்டு மாதிரி என்று வைத்தால், படிகம் நிஜத்தைவிட மிகவும் மெத்தென்று அமுங்கியது. உண்மையான உப்பின் விறைப்பு வரவேண்டுமானால் எலக்ட்ரான்கள் எல்லாப் பக்கமும் பரவி, அணு முப்பரிமாணத்தில் திரண்டிருக்கவேண்டும். சமையலறை உப்புக்கல் அணு தட்டையில்லை என்று சாட்சி சொல்லிவிட்டது. நாம்தான் இன்னும் சுவரொட்டிகளிலும் சின்னங்களிலும் கரு நடுவே, வளையம் சுற்றிலும் என்று வரைந்துகொண்டிருக்கிறோம். சர்வதேச அணுசக்தி முகமையின் சின்னத்திலேயே அதுதான்.

இந்தத் தட்டைத்தனத்தின் மூலம் போரின் முதல் விதியிலேயே இருக்கிறது. கோண உந்தம் குறைந்தது 1 அலகாவது இருக்கவேண்டும் என்றார் அவர். இன்று நமக்குத் தெரிந்தபடி ஹைட்ரஜனின் கீழ்நிலையில் அது பூச்சியம். எலக்ட்ரானின் பரவல் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல், உருண்டையாக இருக்கிறது. பழைய கணக்கில் பூச்சியத்தை அனுமதித்தால் எலக்ட்ரான் ஊசல்போல் நேராகக் கருவின் ஊடே போய்வரவேண்டும். அதனால் அதைத் தடைசெய்தார்கள். அதாவது, உண்மையான நிலையையே சட்டவிரோதமாக்கியிருந்தார்கள். ஹைசன்பெர்க்கின் நிச்சயமின்மைக் கொள்கைக்குப் போரின் மாதிரி முரணானது என்றும் பட்டியலில் சிலர் சேர்ப்பதுண்டு. அது 1927-ல் வந்த சட்டத்தை வைத்து 1913-ல் நடந்ததற்கு வழக்குப் போடுவது. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியில்லை. அது நேராகச் சோதித்துப் பார்க்கக்கூடிய பிழை.

காந்தப்புலப் பிளவையும் சொல்லிவிடுகிறேன். அதில் எளிய வகை, ஒரு கோடு மூன்றாகப் பிரிவது, பழைய மாதிரியிலேயே விளங்கியது. ஆனால் சோடியத்தின் இரண்டு மஞ்சள் கோடுகள் 4 ஆகவும் 6 ஆகவும் பிரிந்தன. முழு எண்களை மட்டுமே அறிந்த மாதிரியால் இரட்டைப்படையில் பிரிப்பது முடியாத காரியம். லாண்டே அரை எண்களைப் போட்டுச் சூத்திரம் எழுதினார். ஏன் அரை என்று அவருக்கே தெரியாது. அந்த நாட்களில் கோபன்ஹேகன் தெருவில் முகம் வாடி நடந்துகொண்டிருந்த பவுலியிடம் ஒருவர் காரணம் கேட்க, இந்தக் காந்தப் பிளவை நினைத்துக்கொண்டிருப்பவன் எப்படிச் சந்தோஷமாக இருக்கமுடியும் என்றாராம். பவுலியே பின்னாளில் எழுதிய சம்பவம் இது. விடை, மேலே சொன்ன தற்சுழற்சி.

ஏன் ஹீலியத்தில்?

எல்லாம் தெரிந்தபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒற்றை எலக்ட்ரானில் அவ்வளவு துல்லியமாக வந்த மாதிரி, இரண்டாவது வந்ததும் ஏன் அப்படியே கவிழ்ந்தது?

இதற்குப் பதிலின் பாதியை ஐன்ஸ்டைன் 1917-லேயே எழுதிவிட்டார், யாரும் கண்டுகொள்ளவில்லை. போரும் சோமர்ஃபெல்டும் செய்தது, ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஒழுங்காக ஓடும் பாதைகளை எடுத்து, அவற்றில் முழு எண் விதிக்குப் பொருந்துபவற்றைப் பொறுக்குவது. கருவும் ஓர் எலக்ட்ரானும் மட்டும் இருந்தால் எல்லாப் பாதையும் ஒழுங்கானது. சூரியனும் ஒரே கிரகமும் இருப்பதுபோல். மூன்றாவதாக ஒன்று சேர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. மூன்று பொருள்களின் இயக்கம் பொதுவாக ஒழுங்கில்லாதது, எந்தச் சூத்திரத்திலும் அடங்காதது என்று பிரான்சின் புவான்காரே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டியிருந்தார். ஒழுங்கான பாதையே இல்லாத இடத்தில் எதைப் பொறுக்குவது? அப்படிப்பட்ட அமைப்புகளில் இந்த விதி செல்லாது என்பதுதான் ஐன்ஸ்டைன் சொன்னது.

பதிலின் மறுபாதி வர எழுபது ஆண்டுக்குமேல் ஆனது. 1990-களின் தொடக்கத்தில், ஒழுங்கற்ற இயக்கங்களைப் பற்றிய கணிதம் முதிர்ந்தபின், டீட்டர் வின்ட்கன், கிரகோர் டானர், கிளாஸ் ரிக்டர், கிரகரி எஸ்ரா ஆகியோர் ஹீலியத்துக்குத் திரும்பப் போனார்கள். ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்காமல், நிலையற்ற பல பாதைகளின் பங்கை ஒன்றுசேர்த்து, அலையின் கட்ட மாற்றங்களையும் கணக்கில் எடுத்தபோது, பழைய பாணிக் கணக்கிலிருந்தே ஹீலியத்தின் மொத்த ஆற்றல் ஓரிரு சதவீதப் பிழைக்குள் வந்துவிட்டது. நல்ல பங்களிப்பு தந்த பாதைகள் போரின் வட்டமும் இல்லை, கெம்பிளின் சிலுவையும் இல்லை. கருவின் இருபுறமும் நேர்க்கோட்டில் இருந்துகொண்டு, ஒன்று உள்ளே விழும்போது மற்றது வெளியே போகும் ஓட்டம். 1923-ல் யாரும் அதைச் சீண்டியிருக்கமாட்டார்கள். எலக்ட்ரான் கருவிலேயே போய் மோதுகிறதே!

புதிய குவாண்டம் இயக்கவியலுக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. போர்ன் தந்த இந்தச் சிக்கலை நார்வேக்காரர் எகில் ஹில்லராஸ் கோட்டிங்கனில் ஒரு மேசைக் கணிப்பானை வைத்துக்கொண்டு 1928-29-ல் தீர்த்தார். எலக்ட்ரான்கள் எங்கே ஓடுகின்றன என்று அவர் கேட்கவில்லை. இரண்டும் கருவிலிருந்து எவ்வளவு தூரம், ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து அலை எப்படி மாறும் என்று எழுதினார். 24.6 வந்தது. அதாவது, சோமர்ஃபெல்ட் சென்னையில் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில்.

சந்திரசேகர் அந்த அச்சுப்படியோடு வீட்டுக்குப் போனவர், அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தன் கட்டுரையை வரவழைத்துவிட்டார். பிறகு கேம்பிரிட்ஜ், பிறகு அமெரிக்கா, விண்மீன்கள். 1940-களில் அவரும் இரண்டு எலக்ட்ரான் கணக்குக்கே வந்து நின்றார். ஹீலியமில்லை, கூடுதலாக ஓர் எலக்ட்ரானைச் சேர்த்துக்கொண்ட ஹைட்ரஜன். சூரியனின் மேற்பரப்பு கண்ணாடிபோல் தெளிவாக இல்லாமல் ஒளியை மறிப்பதற்கு இந்த எதிர் அயனிதான் காரணம் என்று ரூபர்ட் வில்ட் 1939-ல் சொல்லியிருந்தார். அது எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்று தெரியவேண்டுமானால் அதன் அமைப்பு தெரியவேண்டும்.

போரின் வட்டத்தை இதற்கும் போட்டுப் பார்க்கலாம். 1-லிருந்து கால் போக 0.75; கணக்கு முடிந்தால் கூடுதல் எலக்ட்ரான் 1.7 எலக்ட்ரான் வோல்ட்டில் கட்டுண்டிருக்கும் என்று வருகிறது. உண்மை 0.75 எலக்ட்ரான் வோல்ட்தான். இரண்டு எலக்ட்ரானையும் ஒன்றுபோல் நடத்தும் மிக எளிய குவாண்டம் கணக்கும் இங்கே சறுக்கும். அது அயனியே நிலைக்காது என்று சொல்லும். 1944-ல் சந்திரசேகர் எழுதிய எளிய அலைச் சார்பில் (எலக்ட்ரான்கள் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லும் கணிதக் கோவை) இரண்டு எலக்ட்ரானுக்கும் சமமான இடமில்லை. ஒன்று கருவை 1.04 மின்னூட்டமாக உணர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றது 0.28-ஆக மட்டுமே உணர்ந்து வெகு தள்ளி நிற்கிறது; எது எந்த எலக்ட்ரான் என்று சொல்லவும் முடியாது. அயனி நிலைத்துவிட்டது. அந்த இரண்டையும் ஒரே வட்டத்தில் வைத்து வரைய வழியில்லை.